பாறைக்குக் கீழே ஒரு நீல ஊர்

எங்கள் வீட்டு பீரோவின் அடித்தட்டில், பட்டுப் புடவைகளுக்கும் கீழே, ஒரு கருநீலத் துணியை மடித்து வைத்திருக்கிறேன். புடவையும் இல்லை, போர்வை என்றும் சொல்ல முடியாது. 1983-ல் என் நாத்தனார் நைஜீரியாவிலிருந்து லீவுக்கு வந்தபோது கொண்டு வந்து கொடுத்தது. அந்தக் காலத்தில் நம் பக்கத்து வாத்தியார்கள் எத்தனையோ பேர் அந்த தேசத்துப் பள்ளிக்கூடங்களுக்கு வேலைக்குப் போனார்கள் அல்லவா? அவள் கணவரும் அப்படிப் போன கணக்கு வாத்தியார்தான்.

பிரித்துப் பார்த்ததும் என் முகம் சுருங்கிவிட்டது. நட்ட நடுவில் ஒரு ஒட்டுத் தையல்! ‘இவ்வளவு தூரத்திலிருந்து போயும் போயும் ஒட்டுப் போட்ட துணியையா வாங்கி வந்தாய்?’ என்று வாய் கேட்கவில்லை. முகம் கேட்டுவிட்டது போலிருக்கிறது.

“அண்ணி, அது கிழிசல் இல்லே. ரெண்டரை கஜம், ரெண்டரை கஜமா ரெண்டு துண்டைப் பக்கத்துப் பக்கத்திலே வச்சுத் தைச்சாத்தான் அவங்க இடுப்பிலே சுத்திக்கிற அளவு வரும். அங்கே அதுதான் வழக்கம். இன்னொண்ணு, முதல் நாலு தடவை தனியா நனைங்க. சாயம் போகும். இதை வித்த அம்மாவோட கையை நீங்க பார்க்கணுமே! முழங்கை வரைக்கும் நீலம்!”

இந்த இதழுக்கு எந்த ஊருக்குப் போகலாம் என்று யோசித்தபோது, நான் கண்ணால் பார்க்காத அந்த நீலக் கைதான் நினைவுக்கு வந்தது. வாருங்கள் சகோதரிகளே, அந்த ஊருக்கே போய்வரலாம்.

ஊரின் பெயர் அபெயோகுட்டா. நைஜீரியாவின் தென்மேற்கில், யொரூபா ஜனங்கள் வாழும் சீமையில், ஓகுன் மாநிலத்தின் தலைநகரம். லாகோஸ் துறைமுகப் பட்டணத்துக்கு வடக்கே சுமார் 100 கிலோமீட்டர். 2021-ல் புது ரயில் பாதை திறந்த பிறகு பிரயாணம் சௌகரியமாகிவிட்டது. இங்கே உள்ள ஸ்டேஷனுக்கு வோலே சோயிங்காவின் பெயரை வைத்திருக்கிறார்கள். 1934-ல் இந்த ஊரில் பிறந்து, 1986-ல் இலக்கியத்துக்கு நோபல் பரிசு வாங்கியவர்.

செம்மண் பூமி. அங்கங்கே யானை படுத்திருப்பது போலக் கருங்கல் பாறைகள். பாறைகளுக்கு இடையே மேடும் பள்ளமுமாக, துருப்பிடித்த தகரக் கூரை வீடுகள். ஓரமாக ஓகுன் ஆறு ஓடுகிறது. ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை மழை. டிசம்பர், ஜனவரியில் சகாரா பாலைவனத்திலிருந்து புழுதியை அள்ளிக்கொண்டு ஒரு வறட்டுக் காற்று வரும்; ஹர்மட்டான் என்று பெயர். அந்த மாதங்களில் உதடு வெடிக்கும், துவைத்த துணி கொடியில் போட்ட கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும் என்பாள் நாத்தனார்.

அபெயோகுட்டா என்றால் அவர்கள் பாஷையில் ‘பாறைக்குக் கீழே’ என்று அர்த்தம். ஊருக்கே பெயர் கொடுத்த அந்தப் பாறைதான் ஒலுமோ. யொரூபா நாட்டில் பெரிய பேரரசாக இருந்த ஓயோ சரிந்து, ஊருக்கு ஊர் சண்டை மூண்ட காலம். எக்பா என்ற பிரிவைச் சேர்ந்த ஜனங்கள் வீடு வாசலை இழந்து, சொடெக்கே என்ற தலைவர் பின்னால் நடந்து வந்து, 1830-ல் இந்தப் பாறையடியில் ஒதுங்கினார்கள்.

இன்றைக்கு ஒலுமோ பெரிய சுற்றுலா ஸ்தலம். படியேற முடியாதவர்களுக்கு லிஃப்டு கூட உண்டு. உச்சியிலிருந்து ஊர் முழுவதும் தெரிகிறது என்று எல்லோரும் அதைத்தான் புகழ்கிறார்கள். எனக்கு என்னவோ மனம் போனது கீழே இருக்கும் குகையில்தான். மண் சுவர் வைத்து அறை அறையாகத் தடுத்திருக்கிறார்கள். தரைப் பாறையில் குழி குழியாகக் குடைந்திருக்கிறது. என்ன தெரியுமா? அரைக்கிற குழி! மேலே சண்டை நடக்கிறது, குழந்தை அழுகிறது, எப்போது வெளியே போவோம் என்று தெரியாது. ஆனாலும் வயிற்றுக்கு அரைத்தாக வேண்டுமே! அம்மியைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாத பெண்கள் பாறையையே அம்மியாக்கிக்கொண்டார்கள்.

அந்தச் சண்டைக் காலத்தில் பிடிபட்டவர்களை அடிமைகளாக விற்பதும் நடந்தது. சாமுவேல் அஜாயி கிரௌதர் என்பவரை 1821-ல், சிறு பையனாக இருந்தபோது பிடித்துப் போனார்கள். கை மாறிக் கை மாறி விற்று, கடைசியில் கப்பலில் ஏற்றினார்கள். ஆங்கிலேயக் கடற்படை அந்தக் கப்பலை மறித்து விடுவித்தது. அவர் சியரா லியோனில் படித்து, பாதிரியாராகி, 1846-ல் அபெயோகுட்டாவுக்கு வந்து சேர்ந்தார். வந்த கொஞ்ச நாளில் அவருடைய தாய் அவரைத் தேடிக்கொண்டு வந்தாள். 25 வருஷம் கழித்து! போனது பையன், எதிரே நிற்பது ஆங்கிலேய உடுப்புப் போட்ட நடுவயது மனிதர். அந்தத் தாய் என்ன பேசியிருப்பாள் என்று நினைத்துப் பார்க்கவே நெஞ்சை அடைக்கிறது.

சரி, நீலக் கைக்கு வருவோம்.

அந்தத் துணிக்கு அடிரே என்று பெயர். ‘கட்டிச் சாயம் போட்டது’ என்று பொருள். சாயம் எடுப்பது எலு என்கிற கொடியின் இளம் இலையிலிருந்து. இலையை உரலில் இடித்து, கருப்பு உருண்டைகளாகப் பிடித்து, வெயிலில் காயவைத்துக்கொள்கிறார்கள். அப்புறம் சாம்பல் தண்ணீர் வேண்டும். அடியில் ஓட்டை போட்ட பானையில் விறகுச் சாம்பலைக் கொட்டி, தண்ணீரை ஊற்றினால், கீழே வைத்த பானையில் காரமான தெளிவு சொட்டுச் சொட்டாக இறங்கும். அதில் இலை உருண்டைகளை உதிர்த்துப் போட்டு, பெரிய மண்பானையில் நாள் கணக்கில் புளிக்கவிட வேண்டும். பக்கத்தில் போனால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியதுதான். அப்படி ஒரு நாற்றமாம்!

ஆனால் வேடிக்கையைக் கேளுங்கள். பானையில் முக்கித் தூக்கும்போது துணி நீலமாகவே இருக்காது. பச்சையும் மஞ்சளுமாகத்தான் வரும். காற்றுப் படப் படத்தான், கண்ணெதிரே, நீலமாக மாறும். மறுபடி முக்கு, மறுபடி காற்றாட விடு. இப்படிப் பல தடவை செய்தால்தான் கருநீலம் ஏறும். கடைசியில் மரக்கட்டையால் அடித்து அடித்துப் பளபளப்பாக்குவதும் உண்டு. கை எப்படி நீலமாகாமல் இருக்கும்?

வெள்ளைக் கோலம் விழுவது எப்படி? ஒரு வகையில், துணியைச் சுருட்டி, கூழாங்கல்லையோ விதையையோ உள்ளே வைத்து, ராஃபியா பனை நாரால் இறுக்கிக் கட்டுகிறார்கள். கட்டின இடத்தில் சாயம் ஏறாது. இன்னொரு வகை எலெக்கோ. மரவள்ளி மாவைப் படிகாரமும் மயில் துத்தமும் சேர்த்துக் கஞ்சியாகக் காய்ச்சி, கோழி இறகாலும் ஈர்க்கினாலும் துணி மேல் சித்திரம் எழுதுகிறார்கள். கஞ்சி காய்ந்த இடத்தில் சாயம் பிடிக்காது. அப்புறம் உதிர்த்துவிட்டால் வெளிர் கோலம். நிலா, பறவை, பல்லி, இலை என்று ஒவ்வொரு சித்திரத்துக்கும் ஒரு பெயர் உண்டு. தகரத்தை வெட்டி அச்சாக வைத்துக் கஞ்சி தடவுகிற முறையும் உண்டு. அது ஆண்கள் வேலை. மற்றதெல்லாம் பெண்கள் ராஜ்யம்தான். தாயிடமிருந்து மகள், மாமியாரிடமிருந்து மருமகள் என்று தொழில் இறங்கும். சாயக்காரிகளையும் குயத்திகளையும் காப்பாற்ற இயா மாப்போ என்று ஒரு தெய்வம் கூட உண்டு.

இந்தத் தொழில் கைச்செலவுக்கான விளையாட்டு இல்லை. 1920-களில் அபெயோகுட்டா அடிரேக்கு மேற்கு ஆப்பிரிக்கா முழுவதும் கிராக்கி. செனகல் தேசத்து வியாபாரிகள் கூட இங்கே வந்து மொத்தமாக வாங்கிப் போனார்கள். 1930-களில் ரசாயன நீலமும் காஸ்டிக் சோடாவும் வந்து வேலையைச் சுருக்கின. துணி சீக்கிரம் நைந்துபோகிறது என்று புகார் வந்தது. அலாக்கே என்று அழைக்கப்படும் ஊர் ராஜா அவற்றுக்குத் தடை போட்டார். சாயக்காரிகள் அழுதுகொண்டு வீட்டில் உட்காரவில்லை. 1936-ல் வக்கீல் வைத்து வாதாடினார்கள். அம்மாடி!

எங்கிருந்து வந்தது இந்தத் துணிச்சல்? அது மடியில் முடிந்திருந்த காசிலிருந்து வந்தது என்பது என் அபிப்பிராயம்.

யொரூபா குடும்பங்களில் கணவன் பணம் வேறு, மனைவி பணம் வேறு. அவள் சந்தையில் விற்று சம்பாதிப்பது அவளுடையது. அதில் அவன் கை வைக்க மாட்டான். கணக்குக் கேட்கவும் மாட்டான். ‘ஆஹா, கொடுத்து வைத்தவர்கள்!’ என்று சொல்லத் தோன்றுகிறதா? கொஞ்சம் பொறுங்கள். ஒருவனுக்கு இரண்டு மூன்று மனைவிகள் இருக்கும் வீடுகள் அங்கே நிறைய. தன் பிள்ளைகளுக்குச் சோறும் துணியும் பெரும்பாலும் அவளவள் பொறுப்பு. முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு சாயப் பானையில் குனிகிறாள் என்றால், குனியாவிட்டால் அடுப்பு எரியாது என்பதும் அதில் அடக்கம். சொந்தப் பணம் சுதந்திரமும்தான், சுமையும்தான்.

இதைத்தான் வெள்ளைக்கார சர்க்கார் மோப்பம் பிடித்தது. பெண்ணிடம் தனியாகக் காசு இருக்கிறதா? அப்படியானால் தனியாக வரி கட்டட்டும்! 1918-ல் ஆணுக்கு 5 ஷில்லிங், பெண்ணுக்கு இரண்டரை ஷில்லிங் என்று தலைவரி போட்டார்கள். பெண்பிள்ளைக்கு 15 வயதிலேயே வரி. ‘எங்களுக்கு அவ்வளவு வயசு ஆகவில்லை’ என்று சொன்ன பெண்களின் மேலாடையை விலக்கிப் பார்த்து வயதை முடிவு செய்தார்கள் வரி வசூலிப்பவர்கள். எழுதவே கை கூசுகிறது. இவ்வளவும் வாங்கிக்கொண்டு, ஊர் சபையில் பெண்களுக்கு ஒரு நாற்காலி கூடக் கொடுக்கவில்லை.

இங்கே ஒரு அம்மாள் வருகிறார். ஃபுன்மிலாயோ ரான்சம்-குட்டி. 1900-ல் அபெயோகுட்டாவில் பிறந்தவர். ஊரின் பெரிய பள்ளியான அபெயோகுட்டா கிராமர் ஸ்கூலில் சேர்ந்த முதல் பெண் பிள்ளை. இங்கிலாந்தில் போய்ப் படித்துவிட்டு வந்தவர். அதே பள்ளித் தலைமையாசிரியரின் மனைவி. படித்த கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்களுக்காக ஒரு மாதர் சங்கம் நடத்திக்கொண்டிருந்தார். தையல், கேக், நல்ல நடத்தை, இதுதான் பேச்சு. நமக்குத் தெரியாத சங்கமா என்ன!

அந்தச் சங்கத்துக்கு ஒரு நாள் சந்தைக்காரப் பெண் ஒருத்தி வந்து, ‘எனக்குப் படிக்கச் சொல்லிக் கொடுப்பீர்களா?’ என்று கேட்டாள். அங்கிருந்து பாதை திரும்பியது. எழுத்துக் கற்க வந்த பெண்கள் தங்கள் கஷ்டத்தையும் சொன்னார்கள். உலக யுத்த காலத்தில் தாங்கள் விற்கக் கொண்டுபோன அரிசியை அதிகாரிகள் பிடுங்கிக்கொண்டது, வரி, அபராதம், அவமானம். சங்கத்தின் பெயர் அபெயோகுட்டா மாதர் யூனியன் என்று மாறியது. ஃபுன்மிலாயோ கவுனைக் கழற்றி வைத்துவிட்டு, சந்தைப் பெண்களைப் போலவே இடுப்புத் துணியும் தலைக்கட்டும் உடுத்தத் தொடங்கினார். வெள்ளைக்கார அதிகாரிகள் முன்னால் யொரூபாவிலேயே பேசினார். ‘வேண்டுமானால் மொழிபெயர்க்க ஆள் வைத்துக்கொள்’ என்பது போல!

1947 நவம்பர் கடைசியில் பத்தாயிரம் பெண்கள் போல அலாக்கேயின் அரண்மனை வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ராத்திரியும் எழுந்து போகவில்லை. ராஜாவைக் கேலி செய்து பாட்டுக் கட்டிப் பாடினார்கள். ஊர்வலத்துக்கு அனுமதி இல்லை என்றால், ‘நாங்கள் பிக்னிக் போகிறோம்’ என்று கிளம்பினார்கள். கேட்டீர்களா சங்கதியை! அப்போது 13 வயதுப் பையனாக இருந்த வோலே சோயிங்கா இந்தக் களேபரத்தைக் கண்ணால் பார்த்தவர். தன் இளமைப் பருவத்தைப் பற்றி 1981-ல் எழுதிய ‘அக்கே’ என்ற புத்தகத்தில் இதைச் சொல்லியிருக்கிறார்.

போராட்டம் ஒரு நாளில் முடியவில்லை. டிசம்பரில் மறுபடி உட்கார்ந்தார்கள். 1948 ஜூலையில் அலாக்கே ஊரை விட்டுப் போனார். 1949 ஜனவரியில் பட்டத்தைத் துறந்தார். பெண்கள் மீதான தலைவரி ரத்தாயிற்று. ஊர் நிர்வாக சபையிலும் பெண்களுக்கு இடம் கிடைத்தது. 1950-ல் அதே ராஜா திரும்பி வந்து சிம்மாசனத்தில் உட்கார்ந்துவிட்டார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சரித்திரம் சினிமா மாதிரி முடிவதில்லையே.

அந்த அம்மாளின் முடிவும் அப்படித்தான். அவர் மகன் ஃபெலா பெரிய பாடகர். ராணுவ ஆட்சியைக் கிண்டல் செய்து பாடியவர். 1977 பிப்ரவரியில் சிப்பாய்கள் லாகோஸில் அவர் வீட்டைச் சூறையாடியபோது, 76 வயதுத் தாயை மாடி ஜன்னலிலிருந்து கீழே தள்ளினார்கள். அந்தக் காயத்திலிருந்து அவர் மீளவே இல்லை. 1978 ஏப்ரலில் காலமானார்.

இளம் தாய்மார்கள் இன்னொரு மகனையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒலிகோயே ரான்சம்-குட்டி, குழந்தை டாக்டர். 1985 முதல் 1992 வரை நைஜீரியாவின் சுகாதார மந்திரியாக இருந்தார். பெரிய ஆஸ்பத்திரிகளைக் கட்டுவதை விட, கிராமத்துத் தாய்க்குக் கைக்கெட்டும் வைத்தியம்தான் முக்கியம் என்பது அவர் பிடிவாதம். தடுப்பூசி, தாய்ப்பால், வயிற்றுப்போக்குக்கு உப்பு-சர்க்கரைத் தண்ணீர், இவற்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். 1997-ல் தம்பி ஃபெலா இறந்தபோது, நோயின் பெயரை மூடி மறைக்காமல், எய்ட்ஸ்தான் என்று பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுச் சொன்னார். அந்த வியாதியின் பெயரைச் சொல்லவே எல்லோரும் கூசிய காலம் அது. தாயின் பிள்ளை!

வந்தது வந்தோம், சமையலறையையும் எட்டிப் பார்க்காமல் போவதா? ஓகுன் மாநிலத்தில் ஒஃபாடா என்ற ஊரின் பெயரால் ஒரு அரிசி இருக்கிறது. தீட்டாத குட்டை அரிசி. நம் கைக்குத்தல் அரிசி ஜாதி. இலையில் பொட்டலமாகக் கட்டி, பச்சை மிளகாய்க் குழம்போடு தருவார்கள். குழம்பில் இரு என்று ஒரு புளித்த விதை சேர்கிறது. அதன் வாசனைக்கு மட்டும் நாத்தனார் கடைசி வரை பழகவில்லை. மரவள்ளியை ஊறப் போட்டுப் புளிக்கவைத்து, காயவைத்து, இடித்த மாவில் களி கிண்டுகிறார்கள். லாஃபுன் என்று பெயர். எக்பா ஜனங்களுக்கு அது உயிர்.

நாம் உடனே செய்து பார்க்கக்கூடியது அக்காரா. வெள்ளைக் காராமணியை ஊறவைத்து, கையால் கசக்கித் தோலை நீக்கிவிடுங்கள். வெங்காயமும் மிளகாயும் சேர்த்துக் கெட்டியாக அரையுங்கள். அரைத்த மாவைக் கரண்டியால் நன்றாக அடித்துக் காற்றேற்ற வேண்டும், சூட்சுமமே அதில்தான். உப்பைக் கடைசியில் போட்டு, கரண்டியால் எண்ணெயில் விட்டுப் பொரியுங்கள். ஓட்டை போடாத வடை! அங்கே காலையில் இதைச் சோளக் கஞ்சியோடு சாப்பிடுகிறார்கள். கைக்குழந்தைக்கு வெறும் சோளக் கஞ்சி போதாது, பயறும் சேர வேண்டும் என்பது அந்த ஊர்த் தாய்மாருக்கும் டாக்டர்கள் சொன்ன புத்திமதி.

இப்போதும் அபெயோகுட்டாவில் இட்டோக்கு சந்தைக்குப் போனால் அடிரேதான், அடிரேதான். நீலம் மட்டும் இல்லை. சிவப்பு, மஞ்சள், ஊதா எல்லாம் வந்துவிட்டது. சாயம் பெரும்பாலும் கடைச் சாயம். கஞ்சிக்குப் பதில் மெழுகு. அதையும் நான் குறை சொல்ல மாட்டேன். வேலை சுருங்கினால் முதுகு பிழைக்கும். வயிற்றில் அடிப்பது வேறு. வெளிநாட்டு மில்களில் அதே கோலத்தை மெஷினில் அச்சடித்து, பாதி விலைக்கு அதே சந்தையில் கொண்டுவந்து குவிக்கிறார்கள். ஒரு துணிக்கு நாள் கணக்கில் கை நனைத்தவள், நிமிஷத்தில் நூறு கஜம் அடிக்கிற மெஷினோடு விலை பேச முடியுமா? வக்கீல் வைத்தும் வாசலில் உட்கார்ந்தும் ஜெயிக்கக்கூடிய எதிராளியாக இது தெரியவில்லை.

வாங்குகிறவர்களுக்கு ஒரு அடையாளம் சொல்கிறேன். துணியைத் திருப்பிப் பாருங்கள். அச்சடித்ததற்குப் பின்பக்கம் வெளுத்திருக்கும். பானையில் முக்கினதற்கு இரண்டு பக்கமும் சாயம் ஏறியிருக்கும்.

இதை எழுதுவதற்காக என் துணியை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கமும் அதே கருநீலம். முன்பக்கத்தில், ஒட்டுத் தையலுக்குப் பக்கத்தில், ஒரு பறவையின் வால் மட்டும் கோணலாக நீண்டிருக்கிறது. கஞ்சி காய்வதற்குள் யார் கையோ பட்டு இழுத்திருக்கிறது.